மடிப்புக்குள் போன பதினோராவது ஆள்

போன மாதம், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கடையிலிருந்து கூப்பிட்டார்கள். போட்டோவை வீட்டில் மாட்டுவதற்குக் கேன்வாஸ் நல்லதா, கண்ணாடி பிரேம் நல்லதா என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்களாம். முப்பத்தொரு வருடம் இரண்டையும் கையால் செய்தவன் நான் என்பதால், செல்போன் முன்னால் நின்று நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போனேன். கால் மணி நேரம் பேசினேன். எந்தப் படத்துக்கு எது பொருந்தும், எது எங்கே காலை வாரும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். இரண்டு நாள் கழித்து என் மகள் தன் போனில் அதைக் காட்டினாள். பின்னால் ஏதோ பாட்டு ஓடுகிறது. நான் வாயைத் திறக்கிறேன். "கேன்வாஸ் நல்லதுதான்" என்கிறேன். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

நான் சொன்னது அதுவல்ல. "கேன்வாஸ் நல்லதுதான், ஆனால் ஓரத்தில் யார் நிற்கிறார் என்று கேட்காமல் போட்டால் அதைவிட அநியாயம் வேறு கிடையாது" என்று சொன்னேன். முதல் இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கத்தரித்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "விடுங்கப்பா, ஒரு நிமிச வீடியோதான்" என்றாள் மகள். எப்படி விட முடியும்? வெட்டிப் போட்டதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அதனால் இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன்.

தூத்துக்குடி கடற்கரைச் சாலைப் பக்கம் இருந்த அந்தக் கடையில் நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அதற்குமுன் ஒரு மரக்கடையில் ஜன்னல் சட்டம் அடித்துக்கொண்டிருந்தேன். மரம் அறுக்கத் தெரியும், மூலை சேர்க்கத் தெரியும் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். பிரேம் வேலை கைக்கு வர ஒரு வருடம் ஆயிற்று. அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, விரலில் வாங்கிய வெட்டுகளைத் தவிர.

கடை முதலாளியை எல்லாரும் பெரிய அண்ணாச்சி என்போம். குரலை உயர்த்தியே பேசாத மனிதர். வேலை பிடிக்கவில்லை என்றால் திட்டமாட்டார். நாம் முடித்துக் கொடுத்த பிரேமை எடுத்து வந்து, நம் மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் தப்பு எங்கே என்று நாமே கண்டுபிடித்தாக வேண்டும். சில நாள் டீ குடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்துக்கு நாலு அறை வாங்கினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. இதை மறந்துவிட்டு இங்கே ஒரு படத்தைக் கூடச் சுவரில் மாட்ட முடியாது. போட்டோவைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால், ஈரம் உள்ளே இறங்கி, நாலைந்து வருடத்தில் படம் கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அதனால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே தடித்த மவுண்ட் அட்டையை ஜன்னல் மாதிரி வெட்டி வைக்க வேண்டும். கண்ணாடியைத் துடைத்தபின் வெயில்படாத இடத்தில் நிறுத்தி, நன்றாக உலரவிட்டுத்தான் மூட வேண்டும். ஆணி இரும்பாக இருக்கக் கூடாது, ஒரு மழைக்காலத்தில் துரு அழுது வடியும். பின்பக்கம் காக்கித்தாள் ஒட்டிக் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். கீழ் மூலை இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்ட வேண்டும், பிரேம் சுவரைத் தொடாமல் இருப்பதற்கு. இவ்வளவையும் செய்துவிட்டுக் கடைசியாகத் தலை எண்ண வேண்டும்.

தலை எண்ணுவது எங்கள் கடையில் மட்டும் இருந்த வழக்கம். அதற்குக் காரணம் நான்தான். நான் சேர்ந்த இரண்டாம் வருடம், ஆறுமுகநேரியிலிருந்து உப்பளக்காரர் ஒருவர் குடும்பப் படம் கொண்டு வந்தார். இருபது பேருக்கு மேல் இருப்பார்கள். பிரேம் சட்டத்துக்கு உள்பக்கம் ஒரு உதடு உண்டு. அது கால் அங்குலம் படத்தை மூடிக்கொண்டுதான் பிடிக்கும். நான் அதை யோசிக்காமல் மாட்டிவிட்டேன். கீழ் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை, முன்பக்கம் குனிந்திருந்ததால், தலையோடு அந்த உதட்டுக்கு அடியில் போய்விட்டது. அது அவருடைய பேத்தி. அந்த மனிதர் பஸ் ஏறி வந்து பிரேமை மேசைமேல் வைத்து, "பிள்ளை எங்கவே?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பெரிய அண்ணாச்சி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் போனபிறகு என்னிடம் வந்தார்.

"ஏலே சொர்ணம், இனிமே மூடுததுக்கு முன்னால படத்துல எத்தன தலைன்னு எண்ணு. மூடுன பொறவும் எண்ணு. ரெண்டும் ஒண்ணா இருந்தா பின்னால பென்சில்ல எழுது. இல்லேன்னா கடைய விட்டு வெளிய அனுப்பாத."

அன்றிலிருந்து எங்கள் கடைப் பிரேம் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு எண் இருக்கும். கல்யாண ஜோடிக்கு 2. ஆண்டுவிழாப் படத்துக்கு 140. எண்ணிக் கண் பூத்துப்போகும். ஆனால் அதற்கப்புறம் பிரேமில் ஒரு தலைகூடப் போகவில்லை. இதை நான் சொல்வது, பிரேம் ஒன்றும் உத்தமம் இல்லை என்பதற்காகத்தான். அதுவும் ஆளைத் தின்னும். நாம் பார்த்துக்கொண்டிருந்தால் தின்னாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேன்வாஸ் வந்தபோது பழைய ஆட்கள் மூக்கைச் சுளித்தார்கள். நான் சுளிக்கவில்லை. பெரிய அண்ணாச்சி என்னைச் சென்னைக்கு அனுப்பி ஐந்து நாள் கற்க வைத்தார், விரும்பித்தான் கற்றேன். எடை கிடையாது. கண்ணாடி இல்லாததால் எதிர்ச் சுவரின் ட்யூப்லைட் படத்தில் தெரியாது. பிள்ளைகள் பந்தடித்தாலும் உடையாது. துறைமுகத்தில் விடியற்காலை எடுத்த படம், சுற்றிலும் வானமும் தண்ணீருமாக இருக்கிற ஜோடிப் படம், இதற்கெல்லாம் கேன்வாஸ்தான் அழகு. குசினிப் பக்கம் மாட்டாதீர்கள், எண்ணெய்ப் புகை படிந்தால் துடைக்க முடியாது. மழைக்காலத்தில் லேசாகத் தொய்யும், வெயில் வந்ததும் பெரும்பாலும் தானே இறுகிக்கொள்ளும்.

கேன்வாஸ் இழுப்பதில் எனக்கு ஒரு கர்வமே இருந்தது. அச்சாகி வந்த துணியை ஒரு நாள் உலரவிட வேண்டும். சுத்தமான விரிப்பின்மேல் குப்புறப் போட்டு, மரச்சட்டத்தை நடுவில் வைத்து, அகல வாய்க் குறடால் துணியைப் பிடித்து இழுத்து, நாலு பக்கமும் நடுவில் ஒவ்வொரு ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டும். பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கிப் போக வேண்டும். ஒரு பக்கமாகவே அடித்துக்கொண்டு போனால் படம் கோணும். மூலையில் மடிப்பு, கட்டில் விரிப்பை இழுத்துச் செருகுவதுபோல, ஒரு பிசிறு இல்லாமல் விழ வேண்டும். என் மடிப்பை வெளியூர்க் கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் கேன்வாஸில் ஒரு சங்கதி இருக்கிறது. முன்பக்கம் தெரிவது முழுப்படம் அல்ல. சட்டத்தின் தடிமனைச் சுற்றுவதற்கு நாலு பக்கமும் ஒன்றரை அங்குலம் படம் மடிந்து போய்விடும். அதற்கப்புறம் பின்பக்கம் பின் அடிக்கக் கொஞ்சம். வானம் மடிந்தால் யாருக்கு நஷ்டம்? ஓரத்தில் ஆள் நின்றால் ஆள் மடிந்துவிடுவார். இதற்கு வழி இல்லாமலும் இல்லை. படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, பக்கவாட்டுக்கு வெறும் கறுப்போ வெள்ளையோ கொடுத்துவிட்டால் ஆள் முன்னாலேயே நிற்பார். கம்ப்யூட்டரில் ஒரு நிமிட வேலை. அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

பெரிய அண்ணாச்சி காலமானபின் அவருடைய மாப்பிள்ளை கடையை எடுத்துக்கொண்டார். கோயம்புத்தூர்ப் பக்கம் படித்தவர், கெட்டவர் அல்ல. எங்களை மரியாதையாகத்தான் நடத்தினார். ஆனால் அவருக்கு எல்லாம் வேகம். ஆர்டரை அவரே போனில் வாங்குவார், அவரே கம்ப்யூட்டரில் படத்தைச் சரிசெய்வார், எங்களுக்கு நம்பர் போட்ட துணி மட்டும் வரும். யாருடைய படம், என்ன விசேஷம், ஒன்றும் தெரியாது. முகூர்த்த மாதம் என்றால் ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு இழுப்பேன்.

அப்படிப்பட்ட ஒரு மாதத்தில்தான் செசீலி அக்கா வந்தார்கள். கடலோரத் தெருவைச் சேர்ந்தவர்கள், என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு பழைய பிரேம், சேலைத் துணியில் சுற்றி. மகன் வளைகுடா நாட்டில் சம்பாதித்துப் புது வீடு கட்டியிருக்கிறான், கோயில் பங்குச்சாமி வந்து ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்கப் போகிறார், அதற்குள் இந்தப் படத்தைப் பெரிதாக்கி ஹாலில் மாட்ட வேண்டும் என்றார்கள். கேன்வாஸ்தான் வேண்டும் என்று மகன் போனிலேயே மாப்பிள்ளையிடம் சொல்லி வைத்துவிட்டானாம்.

நான் பிரேமை வாங்கிப் பார்த்தேன். வேறு எங்கோ போட்டது, மவுண்ட் இல்லாமல் கண்ணாடியோடு ஒட்டி. படம் கண்ணாடியைக் கவ்வியிருந்தது. இடது ஓரத்திலிருந்து பூஞ்சை ஏறிக்கொண்டிருந்தது. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று கோயில் வாசலில் எடுத்த குடும்பப் படம். நடுவில் வெள்ளைக் கவுனும் மெழுகுதிரியுமாக மகள். பின்வரிசையில் செசீலி அக்கா, அவர்கள் பக்கத்தில் ஸ்டூல்மேல் ஏறி நிற்கிற சின்னப் பையன். இடது ஓரத்தில், முழங்கை படத்துக்கு வெளியே போகிற அளவுக்கு ஒதுங்கி, ஒரு ஆள். பூஞ்சை அவர் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இவியதான் எங்க வீட்டுக்காரவிய, கஸ்பார்" என்று செசீலி அக்கா கண்ணாடிமேல் விரல் வைத்துக் காட்டினார்கள். "மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திட்டுப் போன தோணியில போனாவ. தோணியும் வரல, ஆளும் வரல. வேற படம் கெடையாது அண்ணாச்சி. கடலுக்குப் போற ஆளு, எங்க உக்காந்து படம் எடுக்க? இதுல பூசனம் மூஞ்சிக்கி ஏறுததுக்குள்ள எடுத்துக் குடுங்க."

நான் படத்தைப் பிரிக்கவில்லை. கண்ணாடியோடு அப்படியே வைத்து, வெளிச்சம் பட்டுத் தெறிக்காதபடி கறுப்புத் துணி சுற்றி மறைத்து, பொறுமையாக ஸ்கேன் எடுத்துக் கொடுத்தேன். அருமையாக வந்தது. பூஞ்சையைக்கூட மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டார். செசீலி அக்கா கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆக, ஓரத்தில் நிற்பது யார் என்று எனக்குத் தெரியும். விரல் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். இதை மறைத்து எழுதினால் நானும் என் பேச்சைக் கத்தரித்தவர்களும் ஒன்றுதான்.

மூன்று வாரம் கழித்து அந்தப் படம் துணியாக வந்தது, நம்பர் போட்டு, பன்னிரண்டோடு பன்னிரண்டாக. குப்புறப் போட்டுத்தானே வேலை? நான் முதுகைப் பார்த்துத்தான் இழுத்தேன். இழுத்து, பின் அடித்து, மூலை மடித்து, ஆர்டர் சீட்டில் "குடும்பம் 11" என்று இருந்ததைப் பார்த்துப் பென்சிலால் 11 என்று எழுதினேன். எண்ணவில்லை. கிட்டத்தட்ட முப்பது வருட வழக்கம், கை எழுதியது, கண் பார்க்கவில்லை.

வீடு மந்திரிப்புக்கு இரண்டு நாள் முன்னால் செசீலி அக்கா வாங்க வந்தார்கள். மாப்பிள்ளை கேன்வாஸைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினார். பெரிய படம், பளிச்சென்று இருந்தது. அக்கா முகத்தில் முதலில் சந்தோஷம்தான். பிறகு ஒவ்வொரு முகமாக விரலால் தொட்டுக்கொண்டே போனார்கள். ஓரத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"அண்ணாச்சி, இதுல அவியளக் காணலியே."

"இருக்காரும்மா" என்று மாப்பிள்ளை கேன்வாஸைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார். "சைடுல இருக்காரு பாருங்க. ஸ்டாண்டர்டு வ்ராப். எல்லாப் படத்துக்கும் இப்படித்தான் வரும்."

பக்கவாட்டில் ஒன்றரை அங்குலத்துக்குள் கஸ்பார் இருந்தார். ஒரு கண், பாதி மூக்கு. மீதி முகமும் தோளும் முதுகுப்பக்கம் மடிந்து போயிருந்தன. நான் அடித்த பின் ஒன்று அவர் காதுக்குக் கீழே இறங்கியிருந்தது. நல்ல மடிப்பு, ஒரு பிசிறு கிடையாது.

செசீலி அக்கா குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தார்கள். "பதினொண்ணுன்னு போட்டிருக்கு. ஆரு எழுதுனது?"

"நான்தான்க்கா."

"எண்ணுனீயளா?"

கேன்வாஸை முன்பக்கம் திருப்பி அப்போதுதான் எண்ணினேன், பத்து. அன்றைக்கு அந்த அம்மா என்னை நாலு திட்டு திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர்கள் திட்டவில்லை. பெரிய அண்ணாச்சி உயிரோடு இருந்து அந்தக் கேன்வாஸை என் மேசையில் குப்புறக் கவிழ்த்துவிட்டுப் போனமாதிரி இருந்தது.

மாப்பிள்ளை நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். அவருடைய அகராதியில் எல்லாவற்றுக்கும் ஒரு சலுகை உண்டு. "ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா. சாரை மட்டும் தனியா எடுத்து, பெரிசா ஒரு படம் போட்டுத் தர்றேன். சந்தன மாலை, சின்ன சிவப்பு பல்பு எல்லாம் வெச்சு. காசு வேண்டாம்."

செசீலி அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். "தனியாத் தொங்கவிட்டா மால போடணும். மால போட்டா செத்தவியளுக்குள்ள பூசை குடுக்கணும். நான் இன்னும் குடுக்கல, தெரியுமா? எங்க தெருவுல எல்லாரும் குடுன்னு சொல்லியாச்சு, சாமியாரும் சொல்லியாச்சு. நான் குடுக்கல. நீங்க ஆரு முடிவு பண்ணுததுக்கு? எல்லாரோடயும் நிக்கட்டும்னுதான இந்தப் படத்தையே கொண்டாந்தேன்!"

மாப்பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை எந்த வார்த்தையில் எழுதுவது? ஒரு மனிதனை மடித்துப் பின் அடித்துவிட்டு, அதற்கு ஈடாக அவனுக்கு மாலையும் போட்டு அனுப்புகிறேன் என்றால் அது என்ன நியாயம்? ஆனால் மடித்தவன் நான். "நாளைக்கு வாங்கக்கா, நானே சரி பண்ணித் தாரேன்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் அக்காவோடு மகனும் வந்தார். பிரான்சிஸ் என்று பெயர். விடுமுறையில் வந்திருந்தார், நல்ல வாட்டசாட்டமான ஆள். வரும்போதே அவருக்கு எரிச்சல். "எம்மா, இதுக்குப் போயி இவ்வளவு கூப்பாடா? நாளைக்கு ஆளுக வாரப்ப சொவருல ஒண்ணும் இருக்காது. அப்பா ஓரத்துலதான நிக்காவ, சைடுல தெரியுதுல்லா? ஆரு கிட்ட வந்து பாக்கப் போறா?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. வாடிக்கையாளர் என்று பார்க்காமல் சொல்லிவிட்டேன். "தம்பி, ஒங்க அம்மா பாப்பாவ. அது போதாதா?"

அவர் என்னை முறைத்தார். "நீங்கதான இத இழுத்தது?" என்றார். ஆமாம் என்றேன். தப்பு செய்தவனுக்குக் கோபப்படும் உரிமையும் பாதிதான் மிஞ்சும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

என்னிடம் இரண்டு வழி இருந்தது. பக்கவாட்டுக்குக் கறுப்பு கொடுத்து மறுபடி கேன்வாஸ் போடலாம். ஆனால் அவர் முழங்கை படத்தின் விளிம்பிலேயே முடிகிறது. சுவரிலிருந்து கீழே விழப்போகிற ஆள்போல இருக்கும். அதைவிடக் காகிதத்தில், சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு அச்சடித்து, மவுண்ட் அட்டையின் ஜன்னலை அந்த வெள்ளை ஓரம் தெரிகிற அளவுக்குப் பெரிதாக வெட்டி, கண்ணாடி பிரேம் போட்டால் உதடு ஒரு மயிரிழைகூட அவர்மேல் படாது. பக்கத்தில் காலி இடமும் இருக்கும். இதைச் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் மாப்பிள்ளை, "சார், அம்மா, ரெண்டு பேரும் இங்க வாங்க, சூப்பரா ஒண்ணு பண்ணியிருக்கேன்" என்று கம்ப்யூட்டரைத் திருப்பினார்.

இப்போது வந்திருக்கிற ஏ.ஐ. வித்தையைக் காட்டியிருந்தார். கஸ்பாரை ஓரத்திலிருந்து எடுத்து, பின்வரிசையில் நடுவில், செசீலி அக்காவுக்கும் ஸ்டூல் பையனுக்கும் இடையே நிறுத்தியிருந்தார். அறுந்துபோன முழங்கையை அதுவே வரைந்திருந்தது. சட்டை மடிப்பு, நிழல், எல்லாம் கனகச்சிதம். நம்பும்படியாகவே இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நின்ற இடத்தைவிட்டு ஒரு ஆளைப் பெயர்த்து வேறு இடத்தில் நிறுத்த இவர்களுக்கு ஒரு கூச்சமும் இல்லையே என்று இருந்தது.

"இதான்!" என்றார் பிரான்சிஸ். "எம்மா பாருங்க. அப்பா நடுவுல, ஒங்க பக்கத்துல. இத கேன்வாஸ்ல போட்டா ஒண்ணும் மடியாது. இனி என்ன?"

செசீலி அக்கா திரையை வெகுநேரம் பார்த்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தார்கள். நான் அவர்கள் சரி என்று சொல்லிவிடுவார்கள் என்றே நினைத்தேன். அத்தனை வருடத்துக்குப் பிறகு புருஷன் பக்கத்தில் நிற்பதைக் காட்டினால் யாருக்குத்தான் மனம் இளகாது? அவர்கள் கண் நிறைந்துதான் இருந்தது.

"எடம் சரிதான்" என்றார்கள் மெதுவாக.

"என்ன எடம்மா?" என்றார் பிரான்சிஸ்.

"மொதல்ல அவிய இங்கனதான் நின்னாவ. நீ அந்த ஓரத்துல நின்ன. கவுன் போட்ட அக்கா பக்கத்துல நிக்கணும், ஓரத்துல நிக்கமாட்டேன்னு ஒரே அழுக. படம் எடுக்கவரு நேரமாச்சுன்னு சத்தம் போடுதாரு. அவிய கோயிலுக்குள்ள ஓடிப்போயி ஸ்டூலத் தூக்கிட்டு வந்து, தான் நின்ன எடத்துல போட்டு, ஒன்ன ஏத்திவிட்டுட்டு அங்கன போயி நின்னாவ. போறப்ப ஒன் மூக்கத் தொடச்சிவிட்டாவ. அந்த மாசமே தோணி ஏறிட்டாவ."

பிரான்சிஸ் திரையைப் பார்க்கவில்லை, மேசையில் கிடந்த பழைய பிரேமைப் பார்த்தார். அதில் ஸ்டூல்மேல் நிற்கிற பையனின் கன்னம் ஈரமாகத்தான் இருக்கிறது. நான் ஸ்கேன் எடுத்தபோது அதைப் பூஞ்சைப் புள்ளி என்று நினைத்திருந்தேன்.

"தள்ளிப் போயி நின்னது அவியதாம்லே" என்றார்கள் செசீலி அக்கா. "ஒனக்காவத்தான் போனாவ. இப்ப அவியளத் திரும்ப இங்கன கொண்டாந்து வெச்சா, அது நடக்கலன்னு ஆயிரும்லா? அங்கனயே நிக்கட்டும்."

மாப்பிள்ளை மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிரான்சிஸ் அந்தக் கேன்வாஸைத் தன் பக்கம் இழுத்து, முதுகைத் திருப்பி, பின் அடித்திருந்த மடிப்பை விரல் நகத்தால் நெம்பப் பார்த்தார். வரவில்லை. நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு பின்னாகக் கழற்றினேன். துணி தளர்ந்து, அந்த முகம் முழுசாக விரிந்தது. காதுக்குக் கீழே இரண்டு துளை இருந்தது. பிரான்சிஸ் அந்தத் துளைமேல் கட்டைவிரலை வைத்து நீவிக்கொண்டே இருந்தார்.

"அண்ணாச்சி" என்றார், என்னைப் பார்க்காமல். "பிரேமாவே போட்டுருங்க. கண்ணாடிக்குள்ள அப்பா பக்கத்துல எவ்வளவு எடம் விடுவிய?"

"வழக்கமா மூணு அங்குலம் விடுவோம், தம்பி."

"நாலு விடுங்க" என்றார்.